ஓக்சுனின் நான்கு நாள் மௌனம்

இருபது வருடமாக மேடையில் தன் அம்மா ஓக்சுனைக் கிண்டலடித்தே லாஸ் ஏஞ்சல்ஸ் முழுவதையும் வயிறு புண்ணாகச் சிரிக்க வைத்தவன் யூஜின் பியோன். அவள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. திடீரென்று நாவலாசிரியர் ஆனான். நாவலைப் படித்த அம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள்.

நான்காம் நாள், கொரியாடவுனில் அவள் நடத்தும் எலும்பு சூப் கடைக்கே போய் மண்டியிட்டான்.

"மேடையில உன்னைக் கரண்டியோட துரத்துற பிசாசுன்னு சொன்னது தப்புதாம்மா. அதுக்குப் பரிகாரமாத்தானே நாவல்ல உன்னைத் தெய்வமா எழுதியிருக்கேன்?"

"அதாண்டா வினையே!" ஓக்சுன் போட்ட கூச்சலில் அடுத்த தெருவில் கார்கள் நின்றன. "உன் ஜோக்கைக் கேட்டுட்டு, என்கிட்ட திட்டு வாங்கணும்னே தெருக்கோடி வரைக்கும் வரிசையில நிப்பாங்க. நானும் திட்டித் தீர்ப்பேன். சிரிச்சுக்கிட்டே சூப்பை ஒரே மூச்சுல குடிச்சிட்டு ஓடுவாங்க. நாவலைப் படிச்சப்பவே இதெல்லாம் போச்சேன்னு பயந்தேன். அதே மாதிரி நேத்து உன் நாவலைப் படிச்சிட்டு ஒருத்தன் வந்தான். என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான்."

"நல்லதுதானேம்மா?"

"அழுது முடிச்சு, நிதானமா உக்காந்து, என் சூப்பை ருசிச்சுப் பார்த்துட்டாண்டா, பாவி!"

அந்தச் சூப்பைக் குடித்தே வளர்ந்தவன் யூஜின். அதன் ருசி அவனுக்குத் தெரியும். துள்ளி எழுந்தான்.

"இன்னிக்கே மேடை ஏறி உன்னை மறுபடி பிசாசாக்கிடுறேம்மா!"