ஆர்மாஸின் சவுனா அடுப்பு

சனிக்கிழமை மாலை, தைஸ்தோ வீட்டு வாசலில், தோளில் துண்டோடு பக்கத்து வீட்டு ஆர்மாஸ் வந்து நின்றார்.

"என் சவுனா அடுப்பு இன்னும் சரியாகலப்பா. இங்கேயே குளிச்சுக்கறேன்."

"நாப்பது வருஷம் ஊருக்கே அடுப்பு கட்டின ஆளு!" என்றான் தைஸ்தோ.

"அதான் கவலை. எத்தனை பேர் குளிக்காம கிடக்கறாங்களோ!"

இருவரும் தைஸ்தோவின் சவுனாவில், அந்தச் சின்ன மரக் குளியலறையின் நீராவியில் உட்கார்ந்தார்கள்.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம்தான் உங்க அடுப்பு கெட்டுது," என்றான் தைஸ்தோ. " ஒன்பது வாரமாச்சு. உயிரை விடப் பார்த்தவன் தனியா இருக்கக்கூடாதுன்னு அடுப்புக்கே தெரிஞ்சிருக்கு, இல்ல?"

ஆர்மாஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா வெள்ளிக்கிழமையானா உங்க சவுனா புகைபோக்கி புகையுதே, பெரியவரே!"

"பொய்யையும் ஒழுங்காக் கட்டத் தெரியல எனக்கு."

தைஸ்தோ அடுப்பின் சூடான கற்கள்மேல் தண்ணீர் ஊற்றினான்.

"அவசரப்பட்டுச் சரிபண்ணிடாதீங்க. அடுத்த சனிக்கிழமையும் கெட்டே இருக்கட்டும்."