சிக்கனமான அறை

பேராசிரியர் சதாசிவம் கூப்பிட்டனுப்பியதும் ஷர்மினி அவர் அறைக்குப் போனாள். பல்கலைக்கழக விடுதிதான் அவருடைய ஆய்வுக்கூடம். அறையைக் குளிராக்கும் ஏர்கோன் இல்லாமல் ஒரு செமஸ்டர் அங்கே வாழ்ந்து காட்டினால்தான் அவர் பாடத்தில் தேர்ச்சி.

“மத்த ரூமுங்கள்ல ஆகுற மின்சாரத்துல பாதிகூட உங்க ரூம்ல ஆகல. எப்படிம்மா?”

“பழகிட்டோம் சார்.”

“சபாஷ்! மனசு வெச்சா வெக்கை ஒண்ணும் பண்ணாது. உங்க நாலு பேரையும் மாநாட்டு மேடையில ஏத்தப் போறேன்.” சொன்னவர் தன் அறை ஏர்கோனை இன்னும் கொஞ்சம் குளிராக்கினார்.

அவருடைய மனைவி போனில் அழைத்தார். பேராசிரியர் எடுத்துப் பேசினார்.

“செனாய் ஊர்ல நம்ம வீட்டுல வாடகைக்கு இருக்குற பொண்ணுங்களா? இன்னொரு ஏர்கோன் கேக்குறாங்களா? போட்டுக் குடு லா. இந்த வெக்கையில மனுஷன் எப்படித் தூங்குவான்? வாடகைய ஏத்திக்கலாம்.”

இரண்டு நிமிடத்தில் ஷர்மினியின் போன் அதிர்ந்தது. மேசைக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்கார ஆன்ட்டி அனுப்பியிருந்தார்.

“ஓகே மா. நாளைக்கு ஏர்கோன் மாட்ட செனாய்க்கு ஆள் வரும். நாலு பேர்ல யாராவது வீட்டுல இருங்க.”

“மேடையில என்னம்மா பேசப் போற?” என்றார் பேராசிரியர்.

ஷர்மினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க இல்லன்னா இது நடந்திருக்காதுன்னு சொல்வேன் சார்.”