சுங்க மேசையில் ஒரு தம்ளர்

"டீத்தூள்தானே? அப்பக் குடிச்சுக் காட்டுங்க, ஊ அடைக்கப்பன்."

பர்மாவின் மிங்கலாடோன் விமான நிலையத்துச் சுங்க அதிகாரி அம்மாள், பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு ஒரு 'ஊ' சேர்க்க மறக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்தது பர்மியப் பெயர். வாயில் வந்தது தமிழ்.

அடைக்கப்பன் தம் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்ட பொட்டலத்தைப் பார்த்தார். மேலே 'மூலிகை டீ' என்றிருந்தது. எழுதியது அவரேதான்.

உள்ளே அமேசான் காட்டுக் கொடியின் பொடி. அந்தக் காட்டில் பூசாரிகள் பாட்டுப் பாடிக் காய்ச்சிக் கொடுப்பார்கள். குடித்தவனிடம் செத்தவர்கள் வந்து பேசுவார்கள். இங்கே பிடிபட்டால் ஜெயில் வார்டர்தான் வந்து பேசுவார்.

அடைக்கப்பன் லத்தா கடைத்தெருவில் பருப்பு வியாபாரம் செய்கிறவர். மூன்று வருடம் முன்பு உளுந்து விலை பேசப் பிரேசில் போனார், குருவாகத் திரும்பினார். அன்றுமுதல் மாதம் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே மாவ்பியில் உள்ள தம் தோட்ட வீட்டில், தலையில் கிளி இறகு சூடி, ஆளுக்கு இரண்டு கரண்டி ஊற்றுவார். பக்தர்கள் பயபக்தியோடு வாந்தி எடுப்பார்கள். ஒரு பல் டாக்டர் சிறுத்தையாகவே மாறி, தோட்டக்காரரை உறுமி விரட்டியிருக்கிறார்.

அதிகாரி பிளாஸ்கைத் திறந்து தம்ளரில் வெந்நீர் ஊற்றினார். நாலு கரண்டி பொடி போட்டுக் கலக்கினார்.

மறுத்தால் சிறை. குடித்தால் சிறுத்தை.

குடித்தார். அதே துவர்ப்பு, அதே மண்வாடை. மூன்று வருடமாக மாறாத ருசி.

நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பாம்பு வரலாம், கூரை பிளந்து வானம் இறங்கலாம். ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஒன்றுக்குத்தான் வந்தது.

அதிகாரி தம்ளரின் அடிவண்டலை மோந்து பார்த்தார்.

"கொய்யா இலை. வயித்தால போனா எங்கம்மா இதத்தான் காய்ச்சிக் குடுக்கும். இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க?"

முத்திரை விழுந்தது. பொட்டலம் கைக்கு வந்தது. காட்டுப் பூசாரி ஏமாற்றிய புண்ணியத்தில் மனிதர் பிழைத்தார்.

வாசலை நோக்கி நாலு எட்டு வைத்தவர், நின்றார்.

ஆக்சிஜன் சிலிண்டருக்காக ஊரே தெருவில் நின்ற கொரோனா வருடம். மனைவி கௌசல்யாவுக்கு வந்தது தமக்கும் ஒட்டிவிடுமென்று அவர் பக்கத்து அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவள் இரண்டு நாள் கதவைத் தட்டினாள். மூன்றாம் நாள் தட்டவில்லை.

மாவ்பியில் இந்தப் பொடியை முதன்முதலாகக் குடித்த அன்று அவள் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "போகட்டும், விடுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் தூங்க ஆரம்பித்தார்.

அடைக்கப்பன் திரும்பி வந்து, பொட்டலத்தை மறுபடி மேசைமேல் வைத்தார்.

"மேடம், எதுக்கும் இத ஒரு தடவை லேபுக்கு அனுப்பிப் பாருங்க."