ஒரு விரல் வேகம்

அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

வாசலில் ஆட்டோ நின்றது. ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று அவன் டிரைவரிடம் சொன்னது உள்ளே தங்கைக்குக் கேட்டிருந்தது.

அவன் மகளின் கல்யாணப் பத்திரிகை தட்டில் இருந்தது. பக்கத்தில் காபி. ஆடை படிந்துவிட்டது.

அவன் இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருடம்.

ரெஜினாவைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டைவிட்டுப் போன வாரம், அப்பா வாயே திறக்கவில்லை. தங்கைதான் திறந்து, வாய்க்கு வந்தபடி ஏசினாள். அதோடு நிற்காமல், அவனுடைய இசைத்தட்டுகளை எடுத்துப் பழைய பேப்பர்க்காரரின் வண்டியில் போட்டாள்.

ஐந்தும் சாட்டின் டைகர்ஸ் என்ற இங்கிலீஷ் பாட்டுக் குழுவினுடையவை.

கண்ணிமையில் ஜிகினா. முழங்கால்வரை பூட்ஸ். உறைமேல் பளபளக்கும் சட்டையில் நான்கு வெள்ளைக்காரப் பையன்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போனவை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்கள் நால்வரையும் அண்ணனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, தட்டுகளை எடுத்துப்போக வந்தான். காலி அலமாரியைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் படியிறங்கினான்.

அதற்குப் பிறகு இன்றுதான்.

இப்போது அலமாரியில் ஐந்தும் இருந்தன.

ஒன்று பெங்களூர் நடைபாதையில் கிடைத்தது. ஒன்று சென்னையில், ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவரின் கட்டிலுக்கடியில். ஒன்றுக்கு உறையே இல்லை. காலண்டர் அட்டையில் அவளே தைத்துப் போட்டாள். ஐந்தையும் தேடிப் பிடிக்க நான்கு வருடம் ஆனது. அண்ணன் வருவான் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எந்தத் தட்டைப் போட்டாலும் அந்த நால்வரும் வரவில்லை.

பாட்டு அதே பாட்டு. பாடுகிறவன்தான் வேறு யாரோ. கீச்சுக் குரல். கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் போல ஒரு அவசரம்.

அறுபது வயதுக் காது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அப்ப வர்றேன்."

அண்ணன் எழுந்துவிட்டான்.

அவள் அலமாரிப் பக்கம் போய், கையில் அகப்பட்டதை உருவி, பிளேயரில் வைத்தாள். ஊசி இருமுறை தவறி இறங்கியது.

கிட்டார்.

கதவருகே அவன் நின்றான்.

பிறகு அந்தக் குரல். கீச்சென்று.

அவன் முகம் சுருங்குவதைப் பார்த்தாள்.

"அதே ரெக்கார்டுதான்ணே. நம்பர்கூட அதே நம்பர்தான். நல்லாப் பாத்துத்தான் வாங்குனேன்."

அவன் சிரித்தான். முதலில் மூக்கால். பிறகு சத்தமாக.

"நம்ம பழைய பிளேயர்ல தட்டச் சுத்துற பெல்ட் அறுந்துபோச்சு. நான்தான் சைக்கிள் டியூப வெட்டி மாட்டுனேன். அது வழுக்கி வழுக்கி இழுக்கும். தட்டு வேகமாவே சுத்தாது."

"அப்ப நாம கேட்டது?"

"அவனுங்க பாடுனது இதுதான். நாம கேட்டது வேற."

"தெரிஞ்சிருந்தும் சரி பண்ணலியா நீ?"

"எங்க பண்றது? அந்த வேகத்துக்குத்தான உனக்கு ஆட வந்துச்சு. வாத்து மாதிரி."

அவன் மடித்த முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். சுழலும் தட்டின் விளிம்பில் சுட்டுவிரலை வைத்தான். பட்டும் படாமல்.

குரல் ஒரு படி இறங்கியது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

இன்னொரு படி.

கனத்த, சளி பிடித்த, அவசரமே இல்லாத குரல். டிரம் ஒவ்வொரு அடிக்கும் யோசித்து விழுந்தது.

வந்துவிட்டார்கள். நால்வரும். ஜிகினாவோடு.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

விரலை எடுத்தால் பையன்கள் ஓடிவிடுவார்கள்.

மறுபடியும் ஹாரன். இந்த முறை நீளமாக.

அண்ணன் திரும்பவில்லை. விரலும் அசையவில்லை.

"பாப்பா, அந்த ஆட்டோவப் போகச் சொல்லிட்டு வா."

அவள் வாசலுக்குப் போனாள்.

நேராக நடக்கவில்லை. வாத்து மாதிரி, அந்த வேகத்துக்கு.