எட்டாத தட்டு

பழைய இரும்புக் கடையில் துளை போட்ட ஆங்கிள் சட்டங்கள் வாங்கி, நட்டு போல்ட்டு முடுக்கி, சமையலறை அலமாரியைத் தனராஜே செய்தார். "வேணும்போது தட்டை ஏத்தலாம், இறக்கலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். "பருப்பு டப்பா எட்டலைங்க, கொஞ்சம் இறக்குங்களேன்" என்று மனைவி எஸ்தர் கேட்கும்போதெல்லாம், "நாலு நட்டுதானே, ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்றார். அவள் ஸ்டூலில் ஏறிப் பழகிக்கொண்டாள். ஸ்டூல் சரிந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கிவந்து படுக்கவைத்த அன்று ஸ்பேனரைத் தேடி எடுத்தார். ஒரு பக்கத்து நட்டுகள் சுலபமாகவே கழன்றுவிட்டன; தட்டு அந்தப் பக்கம் சரிந்தது. சத்தம் கேட்டு, கட்டிலில் கிடந்தபடியே எஸ்தர் சொன்னாள்: "இனிமே நீங்கதானே எடுக்கணும். உங்களுக்கு எட்டுற மாதிரியே இருக்கட்டுங்க." சரிந்த தட்டைத் தோளில் தாங்கியபடி அவர் அப்படியே நின்றார்.