காதுப் பஞ்சு

"முன்கூட்டியே சொல்லிடறேண்ணே. பொண்ணோட குரல் எனக்குப் பிடிச்சாத்தான் கல்யாணம். இல்லேன்னா எழுந்து போய்க்கிட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டு ஹெட் நர்ஸம்மா கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தார். உருட்டினார். இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார்.

காதை அடைத்துக்கொண்டு குரல் கேட்க வந்திருக்கிறது பார் என்று வெல்டிங் பட்டறைக்காரர் மனதுக்குள் பொருமினார். வெளியே, "சரிங்க சம்பந்தியம்மா" என்றார் மெதுவாக.

"இன்னும் சம்பந்தி ஆகலை. தங்கச்சின்னு கூப்பிட்டாப் போதும்."

பஞ்சு வைத்தும் இதெல்லாம் நன்றாகக் கேட்கிறது!

அரங்கம் முழுக்கக் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள். மெட்டல் பாட்டாம். பட்டறையில் தகடு அறுத்தால் வருகிற சத்தம்தான். அதற்கு டிக்கெட் போட்டு விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது.

"உங்க பையன் வரலையா?"

"எங்கயோ லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிச்சாம். ரிப்பேர் பண்ணப் போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை, அதுவும் இன்றைக்குப் பார்த்தா? பட்டறைக்காரர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கும் அந்தப் பையன் தலையை ஆட்டியதோடு சரி. வாயைத் திறக்காத ஆளை அவர் எப்போதுமே நம்பியதில்லை. மகள்தான், "கட்டினா அவரைத்தான்பா" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"மேடையில நிக்கிற இந்தப் பாட்டுக் குழுவுக்கே உங்க பொண்ணுதான் தலைவியாமே? அதுல யாரு பொண்ணு? எல்லாம் ஒரே அங்கி, தகர மூஞ்சி!"

"முன்னாடி மைக் பிடிச்சிருக்கிற ரெண்டு பேர்ல, இந்தப் பக்கம் நிக்கிறவ."

அந்தத் தகர முகமூடிகளை வெட்டிக் கொடுத்ததே அவர்தான். மகள் காகிதத்தில் அளவு வரைந்து கொண்டுவந்தாள். ஒருத்தனுக்கு மட்டும் மூக்குக்காகத் தகட்டைத் தனியாகத் தட்டித் தட்டிப் புடைக்க வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு மூக்கு எவனுக்குடா என்று திட்டிக்கொண்டேதான் தட்டினார். அந்த மூக்குக்காரன்தான் இப்போது அவர் மகளை ஒட்டி நின்றான். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

டிரம்ஸ் இடித்தது. கிடார்கள் அலறின. அதற்கு மேலே, கிணற்றுக்குள் விழுந்த புலி மாதிரி ஓர் உறுமல் எழும்பியது.

நர்ஸம்மா துள்ளிவிட்டார். "அய்யோ! யாருண்ணே அது? என் வார்டுல இப்படிக் கத்தினா ஊசி போட்டுப் படுக்க வெச்சிடுவேன்!"

அது பட்டறைக்காரர் பெற்ற மகள்தான். குளியலறையில் அவள் உறுமிப் பழகும்போது, கேஸ் சிலிண்டர் போட வந்தவன் சிலிண்டரை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

சரியாக அந்த நேரம், உறுமலுக்கு மேலே இன்னொரு குரல் நூல் மாதிரி மெல்லிசாக எழும்பியது.

"உறுமறது பக்கத்துல நிக்கிற மூக்குக்காரப் பய" என்றார் பட்டறைக்காரர் சட்டென்று. "இந்த மெல்லிசுக் குரல்தான் நம்ம பொண்ணு."

நர்ஸம்மா ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். "இதுவா?" இன்னொன்றையும் எடுத்தார். "இந்தக் குரலா?"

அடுத்த பாட்டில் அவர் கால் தாளம் போட்டது. அதற்கடுத்த பாட்டில் எழுந்து நின்று, சுற்றியிருந்த பிள்ளைகளோடு சேர்ந்து தலையை ஆட்டின ஆட்டில் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

"என் பையன் வாயில்லாப் பூச்சிண்ணே! வீட்டுக்குப் போனா சுவரோடதான் பேசணும். இப்படி ஒரு குரல் கேட்டா எனக்கு வேறென்ன வேணும்? ஆனா அந்த உறுமறவன்... எந்த மகராசி பெத்தாளோ! வீட்ல எப்படித்தான் சகிச்சிக்கிறாங்களோ!"

"கஷ்டம்தான்" என்றார் பட்டறைக்காரர், மனதார.

"நீங்க தேதி பாருங்க, சம்பந்தி!"

சம்பந்தி! பட்டறைக்காரர் வாயெல்லாம் பல்லாகும்போதே மேடையில் மகள் கேட்டாள்: "முகமூடியக் கழட்டலாமா?"

"கழட்டு! கழட்டு!" என்று அரங்கம் கூத்தாடியது.

"வாங்க, கிளம்பிடலாம். கூட்டத்துல மாட்டிக்குவோம்" என்று அவர் பரபரத்தார். நர்ஸம்மா நகர்வதாக இல்லை.

மகள் முகமூடியைக் கழற்றினாள். வியர்த்த முகத்தோடு மைக்கைப் பிடித்து, நன்றி சொல்கிற மாதிரி கடைசியாக ஓர் உறுமல் உறுமினாள். நாற்காலி அதிர்ந்தது.

நர்ஸம்மா மெதுவாகத் திரும்பினார்.

"சம்பந்தி. உறுமறது..."

"நம்ம பொண்ணுதான். பொய் சொல்லிட்டேன். அடிக்கிறதுன்னா வெளிய வெச்சு அடிங்க."

நர்ஸம்மா அவரை அடிக்கவில்லை. மேடையைப் பார்த்துக் கையை நீட்டி, வார்டையே அடக்குகிற குரலில் ஓர் அதட்டல் போட்டார். அத்தனை பிள்ளைகளும் கப்சிப்.

"ஏம்மா! எனக்கு அந்த மெல்லிசுக் குரல்தான் வேணும்! அதுதான் என் வீட்டுக்கு வரணும்!"

"அது உங்க வீட்லயேதான் இருக்கு அத்தை! நான் வந்தாத்தான் வாயைத் திறக்கும்!" என்று சிரித்துக்கொண்டே மகள், பக்கத்தில் நின்ற மூக்குக்காரனின் முகமூடியைப் பிடுங்கினாள்.

உள்ளே, லிஃப்ட் ரிப்பேருக்குப் போன பையன் வழக்கம்போல வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.