சிதையாத துகள்

நுண்துகள்கள் சிதைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பது அவள் வேலை. அந்தக் கணிப்பு எவ்வளவு பிசகக்கூடும் என்று அறிய, தினமும் கணினியில் ஆயிரம் போலிச் சோதனைகளை ஓட்டுவாள்; சோதனைக்கு ஒரு கோப்பு.

கணவனுக்கு மருத்துவர் மூன்று மாதம் கெடு சொன்ன வாரம், ஆயிரத்தோராவது கோப்பு ஒன்று வந்து சேர்ந்தது. அதில் ஒரே ஒரு துகள் சிதையாமல் இருந்தது. அழித்தாள். மறுநாள் அது மீண்டும் இருந்தது. துகளின் வயதில் ஒரு நாள் கூடியிருந்தது.

மாத்திரை கொடுக்கும்போது கணவனிடம் சொன்னாள்.

“அழிச்சாலும் வந்து நிக்குதுங்க.”

“என்னை மாதிரி பிடிவாதக்காரன் போல. விட்டுடு,” என்று சிரித்தான்.

விட்டுவிட்டாள். மூன்று மாதம் தாண்டியது.

“நாங்க சொன்னது தோராயம்தாம்மா, முன்னபின்ன இருக்கும்,” என்றார் மருத்துவர்.

“எவ்வளவு முன்னபின்ன, டாக்டர்?” தொழில் புத்தி கேட்கவைத்தது. அவர் அடுத்த மாதத்துக்கான மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம், அவள் கையைப் பிடித்தபடியே அவன் போய்விட்டான்.

பதினெட்டு நாள் கழித்து வேலைக்கு வந்தாள். இனி அந்தக் கோப்பு இருக்காது என்று நினைத்துத்தான் திறந்தாள். இருந்தது. துகள் சிதையவில்லை. வயதில் பதினெட்டு நாள் கூடியிருந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஒண்ணு அதிகமா இருக்கே, எடுத்துடவா?”

“வேண்டாங்க,” என்றாள். “அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.